மரம் வெட்டினால் பாவமா?

மரம் நடுகிறவர் நல்லவர், வெட்டுகிறவர் கெட்டவர். அப்படித்தானே நினைக்கிறீர்கள்? அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இந்தக் கணக்கு உதைக்கிறது.

அங்கே சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில், விரற்கடை மண்ணில் புல்வெளித் திட்டுகள் உண்டு. ‘மிசௌரி பிளாடர்பாட்’ என்கிற மஞ்சள் பூச்செடிக்கு அதுதான் வீடு. 1987-ல் அழியும் பட்டியலில் சேர்த்தார்கள். 2003-ல் ஆபத்து ஒரு படி குறைந்தது.

முன்பெல்லாம் மின்னலும் பழங்குடியினரும் வைத்த தீ, மரக்கன்றுகளைத் தின்றுவிடும். பிறகு வந்தவர்கள் நல்லெண்ணத்தில்தான் தீயை அணைத்தார்கள். சீடர் மரங்கள் மளமளவென ஏறி, வெயிலை மறைத்தன. இப்போது இயற்கை ஆர்வலர்களே ரம்பத்தோடு வந்து வெட்டுகிறார்கள், கொளுத்துகிறார்கள்.

சீடர் ஒன்றும் வந்தேறி இல்லை சார், அதுவும் அந்த மண்ணின் மரம். அதைச் சாய்க்க நாம் யார்? நியாயமான கேள்வி. ஆனால், தீயை அணைத்ததும் நாம்தானே! ‘இயற்கை பார்த்துக்கொள்ளும்’ என்று இனிமேல் கைகட்டி நின்றால், அதுவும் சீடருக்குப் போட்ட ஓட்டுதான்.