காட்சியின்பமும் காட்டும் உபகாரமும்

தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் வட்டத்திலுள்ள ஒகேனக்கல்லுக்கு யாம் அண்மையிற் சென்றிருந்தேம். காவிரி ஈண்டுப் பல கிளையாய்ப் பிரிந்து வீழ்ந்து, இருபுறமும் சுவரென நிமிர்ந்த பாறைகளினிடையே ஒடுங்கிச் செல்கின்றது. அவ்விடுக்கினூடே பரிசலிற் சென்று மீண்டேம். உடன்வந்த அன்பர் ஒருவர், "சிவநெறி நிற்பார்க்கு இக்காட்சியின்பமும் பந்தமன்றோ?" என வினவினார். அவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வேட்கை ஒரு நாட்டார்க்கே உரியதன்று. நார்வே நாட்டிற் பண்டு பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளிற் கடல்நீர் புகுந்து நிற்கின்றது. அவற்றுள் சோக்னே என்பது 200 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, ஏறத்தாழ 1300 மீட்டர் ஆழமுடையது. அதனைக் காண மாந்தர் பெருங்கப்பல்களிற் செல்கின்றனர். ஆங்குக் கப்பலும் ஈண்டுப் பரிசலும் வேறாயினும் கண் விழையும் இன்பம் ஒன்றே.

புலனின்பம் யாவும் உயிரைப் புறத்தே ஈர்த்தலின் விலக்கத்தக்கன என்பார் உளர். அற்றன்று. ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு அறிவு விளங்குதற்பொருட்டே தனு கரண புவன போகங்களை இறைவன் மாயையினின்றும் கூட்டினான் என்பது சித்தாந்தத் துணிபு. விளக்கை அளித்தவன், அதன் ஒளியிற் காணற்க என்பானல்லன். இன்பம் பொருளிலேயே உளது எனவும், கண்டவன் யானே எனவும் கொள்ளும் மயக்கமே பந்தமாம்.

ஒகேனக்கல் என்னும் பெயர் கன்னடத்திற் புகையும் பாறை எனப் பொருள்படும். ஆயின் புகையெனத் தோன்றுவது நீர்த்திவலையே. மூடுபனியைப் புகையென மயங்கி நெருப்பை அனுமித்தல் போலி ஏதுவாம் என்பர் தருக்க நூலார். பாறையிலும் நீரிலும் இன்பம் உறைகின்றதெனக் கருதுவாரும் அங்ஙனமே மயங்குகின்றனர். ஆண்டு உறைவதாயின், நாடோறும் அவ்வழியே துடுப்பு வலிப்பான் எஞ்ஞான்றும் இன்புற்றிருத்தல் வேண்டும். அவனோ பாறையை நோக்கிற்றிலன். நீரின் சுழியையே நோக்கினான்.

இனி, யான் என்னும் மயக்கம். மூங்கிலால் வட்டமாய்ப் பின்னிய பரிசலுக்கு முன்னும் பின்னும் இல்லை. இடையே அவன் அதனைச் சுழற்றியபோது பாறைகள் சுழல்வனபோலத் தோன்றின, சுழன்றவர் யாமே. கரையேறியதும், "கண்டேம், கடந்தேம்" எனப் பெருமிதங் கொண்டேம். எம்மைக் கொண்டுசென்று காட்டி மீட்டவன் முகத்தை ஒருமுறையேனும் நோக்கிற்றிலேம். அஃது உணர்ந்தபோது நாணினேம்.

கண்ணுக்கு உயிர் உடனின்று உதவுமாறு போல, உயிர்க்கு இறைவன் உடனின்று உதவுகின்றான் என்பது சிவஞானபோதப் பதினோராஞ் சூத்திரத்தின் கருத்து. பரிசலோட்டி புறத்தே நின்று காட்டினான். இறைவனோ உயிரோடு பிரிப்பின்றி நின்று காட்டியும் உடன்கண்டும் உபகரிக்கின்றான். ஒருவாறே ஒக்கும் உவமையாயினும், கண்முன் நின்றவனையே மறந்த யாம், காணப்படாது நிற்பானை நினைந்திருப்பேம் என்பது எங்ஙனம்?

ஆதலின் அன்பர்க்கு யாம் கூறும் விடை இதுவே. காட்டுவானை மறந்தவழிக் காட்சி பந்தமாம். நினைந்தவழி அதுவே அன்பிற்கு வித்தாம். மறுமுறை ஆண்டுச் செல்வார், பாறையை நோக்குமுன் துடுப்பு வலிப்பான் முகத்தை நோக்குவாராக.