கண்ணாடித் தொட்டியில் அகிம்சை

சிறார்க்கு உயிரன்பைக் கற்பிக்கவே வண்ணமீன் வளர்க்கிறோம் என்பர் வேலூர், ஆம்பூர்ப் பெற்றோர் சிலர். ஒரினோகோ ஆற்றுப் படுகையைச் சேர்ந்த 'ராம்' என்னும் குறுஞ்சிக்லிட் மீன் சிறு தொட்டியிலும் முட்டையிடும். தாயும் தந்தையும் சேர்ந்து காக்கும். காண இனிய காட்சியே. ஆயினும் அதன் குஞ்சுகளுக்கு உயிருள்ள இரை வேண்டும் என்று, உப்புநீர்ச் சிற்றிறால்களைப் பொரிக்கச் செய்து நாள்தோறும் இடுகின்றனர். ஓருயிரைப் பெருக்க எண்ணற்ற உயிர்களைப் பிறப்பித்து மாய்ப்பது அன்பாகுமா?

அகிம்சை அணுவிரதத்திற்குரிய ஐந்து குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகின்றது. முதலாவது, உயிரைக் கட்டிவைத்தல். இறுதியானது, உணவையும் நீரையும் தடுத்தல். முன்னது புதிய மீனை வாங்காதே என்கின்றது. பின்னது வாங்கியதைப் பட்டினியிடாதே என்கின்றது.

பாலாற்றில் விட்டுவிடலாமே எனின், தோல் பதனிடும் கழிவால் அந்நதி கெட்டமையை 1996-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பே எடுத்துரைத்தது. அயல்நாட்டு மீனை அங்கு விடுதல் விடுதலையன்று; கைகழுவுதலேயாம்.

ஆதலின் இருப்பவற்றை ஆயுள் முடியும்வரை பேணுவோம். இனம் பெருக்குதலை ஒழிப்போம். கடையில் விற்கும் உலர் உணவு பெரும்பாலானவற்றிலும் மீன்தூள் உண்டு. எனவே பழி முற்றும் நீங்காது. பெருகாமற் காப்பது நம் கையில் உள்ளது.