போர்ச்சின்னமும் அறமும்

போரிலே அரிய செயல் புரிந்தானொருவனுக்கு அரசு பதக்கம் அளித்தல் பல நாடுகளினும் உள்ள வழக்கு. அத்தகைய செயல் யாதும் புரியாது, போர்முகத்திலே நின்றமை ஒன்றன் பொருட்டே ஒருவனுக்குச் சின்னம் அளித்தல் தகுமோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த வினாவாம்.

ஐக்கிய அமெரிக்காவின் தரைச்சேனை 1943ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே காலாட்படைப் போர்ச்சின்னம் என்பதொன்றை ஏற்படுத்திற்று. நீலப்பட்டையின்மீது வெள்ளித் துவக்கொன்று கிடப்பதும், இலைமாலையொன்றாற் சூழப்பட்டதுமாகிய அச்சின்னம், பகைவரை எதிர்நின்று பொருத காலாட்படையினர்க்கே உரியது. அவர் எத்துணைப் பேரை வீழ்த்தினர் என்னும் கணக்கு அதற்கு வேண்டப்படுவதில்லை. 1944இல் அதனைப் பெற்றோர்க்கு மாதந்தோறும் 10 டொலர் மேலதிக வேதனமும் விதிக்கப்பட்டது. காலாட்படையிற் சேராத பிறர்க்கு 2005இலே போர்ச்செயற் சின்னம் என வேறொன்று வகுக்கப்பட்டது. பகைவரைத் தாக்கினோரேயன்றி, பகைவராலே தாக்கப்பட்டோரும் அதற்கு உரியராவர்.

இவ்வழக்கை மறுப்போர் இருதிறத்தர். பலர்க்கும் பொதுவாய சிறப்புச் சிறப்பன்று என்பர் ஒருசாரார். கொலைத்தொழிலுக்கு அணி பூட்டுதல் பாவம் என்பர் மற்றொருசாரார்.

முன்னையோர்க்கு நாம் கூறுவது வருமாறு: வீரச்செயலுக்குப் பதக்கம் அளித்தற்குக் கண்ட சாட்சி வேண்டும். கண்டார் மடிந்தொழியின் செயலும் உடன் மறைந்துபோம். அன்றியும், அஞ்சுதல் உயிர்க்கு இயல்பாகவும், அயலே நிற்குந் தோழனை விடுத்து நீங்காமை எளியதொரு செயலோ? பலர் செய்தமையால் ஒரு நற்செயல் சிறிதாகிவிடாது.

பின்னையோர் கூற்றை முற்றும் தள்ளுதற்கில்லை. துவக்குப் பொறித்த சின்னத்திலே கொலையின் நிழல் இல்லையென்று யாவர் சொல்லவல்லார்? ஆயினும், காலாட்படையோடு சென்று காயமுற்றாரைப் பேணியவர்க்கு 1945 மார்ச்சிலே போர் வைத்தியச் சின்னமும் ஏற்படுத்தப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்திலே, தம் சமயக்கொள்கை பற்றித் துவக்கேந்த மறுத்தவராகிய டெஸ்மண்ட் டொஸ் என்னும் வைத்தியப் படைவீரர், ஒக்கினாவாத் தீவின் செங்குத்தான மலைவிளிம்பினின்றும் காயமுற்றோர் ஏறத்தாழ 75 பேரைக் கயிற்றினால் இறக்கிக் காத்தார். அந்நாட்டின் தலையாய போர்ப்பதக்கம் அவருக்கு அவ்வாண்டு ஒக்டோபரிலே சூட்டப்பட்டது. கொல்லாது நின்றாரும் சிறப்புப் பெற்றமையின், சிறப்பிக்கப்படுவது கொலை மாத்திரம் அன்றென்பது தெளிவாம்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. நின்றவனது உறுதிக்குச் சின்னம் சாட்சியாகும். போரினது நியாயத்திற்கு ஆகாது. வியட்நாமிலே பொருதாரும் இச்சின்னங்களைப் பெற்றனர். அப்போர் தகுமோ என்பதுபற்றி அந்நாட்டாரே ஒருமைப்பட்டிலர். போரைப் பழிப்பான் புகுந்து நின்றவனை இகழ்தலும், நின்றவனைப் புகழ்வான் புகுந்து போரை நியாயமாக்குதலும் ஒப்பக் குற்றமே.

மாணாக்கர் போர்வீரன் மார்பிலே தொங்கும் பதக்கத்தைக் கண்டு வியந்து வினவுங்கால், ஆசிரியர்கள் இவ்விரண்டனையும் வேறுபிரித்து உணர்த்துவாராக. துணிவை மதிக்கவும், அத்துணிவு எதன்பொருட்டு ஏவப்பட்டதென்று கேட்கவும் ஒருங்கே கற்ற பிள்ளையே, நாளை அரசு ஏவும்போது ஆராய்ந்து நிற்கவல்லான்.