வேலை தேடுபவர் யார்?

என் டிரங்குப் பெட்டியில் இன்னும் ஒரு பழைய அட்டை இருக்கிறது. 1991ல் பிளஸ் டூ முடித்த கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தபோது கொடுத்தது. எங்கள் கிராமத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அப்பா கூட வந்தார். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், தவறினால் பதிவு மூப்பு போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்கள். 1994ல் புதுப்பித்தேன். 1997ல் தவறவிட்டேன். அப்போது கல்யாணமாகி வேறு மாவட்டத்தில் இருந்தேன். மடியில் நாற்பது நாள் குழந்தை.

யாரும் என்னிடம் பாரபட்சம் காட்டவில்லை. என் அண்ணனுக்கும் அதே மூன்று ஆண்டுதான். அவன் யாரிடமும் கேட்காமல் பஸ் ஏறிப் போய்ப் புதுப்பித்துவிட்டு வந்தான். எல்லாருக்கும் ஒரே விதி இருந்துவிட்டால் அது நியாயமாகிவிடுமா? இந்தக் கேள்வி எனக்குள் நெடுநாளாக இருக்கிறது.

இந்த அலுவலகங்கள் 1945ல் தொடங்கப்பட்டபோது, போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு வேலை தேடித் தருவதே நோக்கம். பிறகுதான் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டன. 1959ல் ஒரு சட்டம் வந்தது. அரசு நிறுவனங்களும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. ஆனால் அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இருக்கவில்லை. சில வேலைகளைத் தெரிவிக்கவே தேவையில்லை என்றும் விலக்கு அளித்தது. தனியார் விவசாய வேலை, வீட்டு வேலை, மூன்று மாதத்துக்கும் குறைவான வேலை ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. விவசாயத்தில் இயந்திரம் இயக்குபவருக்கு மட்டும் அந்த விலக்கு பொருந்தவில்லை.

அந்தப் பட்டியலைப் படித்தபோது எங்கள் வீட்டுப் பெண்கள் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். அம்மா களையெடுக்கப் போனாள். அத்தை டவுனில் பாத்திரம் தேய்த்தாள். சித்தி மிளகாய்ப் பழம் பறிக்கும் பருவத்தில் மட்டும் கூலிக்குப் போனாள். டிராக்டர் ஓட்டியவர் சட்டத்தின் கண்ணில் பட்டார். இவர்கள் மூவரும் படவில்லை.

“வேலையே இல்லாத ஊரில் அலுவலகம் மட்டும் என்ன செய்யும்? வேலை இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதுதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. பாதி நியாயமான கேள்விதான். வானம் பார்த்த எங்கள் பூமியில் அலுவலகத்தால் மழையையோ தொழிற்சாலையையோ வரவழைக்க முடியாது. ஆனால் எங்கள் ஊருக்கு ஒருவர் தவறாமல் வந்துகொண்டிருந்தார். அவர் பஞ்சாலைத் தரகர். பெண்பிள்ளைகள் தனியாக வெளியே வர முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதனால் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று அப்பாக்களிடம் பேசினார். சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயரே உண்டு. தரகர் பெண்ணின் வாசல்வரை வந்தார், ஆனால் அவளிடம் கேட்கவில்லை. அரசு அவளிடம் கேட்கத் தயாராக இருந்தது, ஆனால் இரண்டு பஸ் தொலைவில் உட்கார்ந்திருந்தது.

இந்த இரண்டுக்கும் நடுவில் வேறொரு வழி இருக்க முடியும் என்பதை நூறு நாள் வேலையில்தான் முதலில் பார்த்தேன். 2005ல் எழுதப்பட்ட அந்தச் சட்டம், வேலை கேட்டவருக்கு 15 நாளுக்குள் வேலை தர வேண்டும், இல்லாவிட்டால் படி தர வேண்டும் என்றது. வேலை ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், தாண்டினால் பத்து சதவீதம் கூடுதல் கூலி என்றது. பயனாளிகளில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்றது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து நிறுத்த வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களே. வேலை தேடும் விருப்பம் அவர்களுக்குத் திடீரென்று முளைக்கவில்லை. தூரமும் குழந்தையும் கணக்கில் வந்ததும் அது வெளியே தெரிந்தது. அதிலும் குறை இருந்தது. நூறு நாளும் வேலை அட்டையும் குடும்பத்துக்குத்தான் இருந்தன, தனித்தனி ஆளுக்கு இருக்கவில்லை. எழுதியபடி எல்லா இடத்திலும் நடக்கவும் இல்லை. ஆனால் நகர வேண்டிய கடமை பெண்ணுக்கு மட்டும் உரியதல்ல, அரசுக்கும் உண்டு என்பதை ஒரு சட்டம் ஒப்புக்கொண்டது.

இன்று இணையத்தில் பதியலாம். என் மகள் அப்படித்தான் பதிந்தாள். பஸ் செலவு மிச்சம். காத்திருப்பு அப்படியே இருக்கிறது. அலுவலகம் ஊர் ஊராக வந்து பெண்களிடமே கேட்க வேண்டும். பிரசவத்துக்காகவும் இடமாற்றத்துக்காகவும் மூப்பு போகக் கூடாது. வெளியூர் வேலைக்கு அனுப்பினால் விடுதியையும் சம்பளத்தையும் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். தரகர் செய்ததில் பாதியை, அவர் செய்யாத மரியாதையோடு செய்யச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கடைசியாக என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். சில வருடங்களுக்கு முன் கணக்கெடுக்க ஒருவர் வீட்டுக்கு வந்தார். என்ன வேலை பார்க்கிறார்கள் என்று என்னைக் காட்டிக் கேட்டார். “வீட்டுல சும்மாதான் இருக்கா” என்றார் மாமியார். இத்தகைய கணக்கெடுப்புகளில், வேலை தேடுகிறேன் அல்லது கிடைத்தால் செய்வேன் என்று சொல்பவர்தான் வேலையில்லாதவர். வீட்டில் இருக்கிறேன் என்றால் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அட்டை அப்போதும் பெட்டியில்தான் இருந்தது. அந்த ஊரில் வேலையில்லாதவர்களின் எண்ணிக்கையில் அன்று ஒன்று குறைந்தது. இனி யாராவது வந்து கேட்டால் நானே பதில் சொல்வேன்.