ஈகையா, கடனா?

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில், நகரை ஒட்டி அமைந்துள்ளது பரவை. காய்கறிச் சந்தைக்காக இன்று பலர் நாடிச் செல்லும் அவ்வூரின் பெயரைத் தமிழகமெங்கும் கொண்டு சென்றது ஒரு பெண்ணின் குரல். பரவை முனியம்மா 2020 மார்ச் 29 அன்று மறைந்தார். நாடு தழுவிய ஊரடங்கின் ஐந்தாம் நாள் அது. பெருங்கூட்டத்தின் நடுவே நின்று பாடியவரை வழியனுப்ப, ஊர் கூடவும் இயலாத காலம்!

2003-இல் வெளிவந்த 'தூள்' திரைப்படத்தில் அவர் பாடி நடித்தபோது, புதிய குரல் ஒன்று கிடைத்ததாகப் பலர் மகிழ்ந்தனர். உண்மையில் அது புதிய குரல் அன்று. கிராமத் திருவிழா மேடைகளில் நெடுங்காலம் ஒலித்த குரலே. திரை காட்டிய பிறகுதான் நமக்குக் கேட்டது. பின்னர் அவர் பல படங்களில் நடித்தார். கலைமாமணி விருதும் பெற்றார். எனினும் முதுமையில் நோயும் வறுமையும் அவரை வாட்டின. 2015-இல் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா, அவருக்கென 6 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையாகச் செலுத்தி, அதன் வட்டி மாதந்தோறும் கிடைக்க வழிசெய்தார். திரைத்துறையினர் சிலரும் உதவினர்.

உதவியவர்களை நாம் மனமாரப் பாராட்டினோம். ஆனால் அந்த உதவிக்கு நாம் சூட்டிய பெயர் சரிதானா? ஈகை என்பது, நம்மிடம் கேட்க உரிமை இல்லாதவருக்கும் இரக்கத்தால் கொடுப்பது. வாழ்நாள் முழுதும் நமக்குப் பாடியவர், நம்மிடம் எந்த உரிமையும் இல்லாதவரா?

"பேசிய தொகையை அன்றே கொடுத்துவிட்டோமே, இன்னும் என்ன பாக்கி?" என்று ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்விதான், ஒப்பந்தத்தை மதிப்பதும் அறமே. ஆயினும், இல்லாமை ஒருபுறம் நெருக்க, கிடைத்ததைப் பெற்றுக்கொள்பவரின் சம்மதத்தை முழுச் சம்மதம் என்று கொள்ளலாகுமா? கூலி அந்த ஓர் இரவுக்கானது. தேய்ந்ததோ ஆயுள் முழுதுக்குமான தொண்டை. ஒப்புக்கொண்ட கூலி எப்போதும் நியாயமான கூலி ஆகிவிடாது என்பது, நாற்று நடுபவருக்கு எவ்வளவு பொருந்துமோ, பாடுபவருக்கும் அவ்வளவு பொருந்தும்.

சட்டமும் இதை ஓரளவு உணர்ந்துள்ளது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1994-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் நிகழ்த்துகலைஞரின் உரிமையை ஏற்றது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மேலும் வலுப்படுத்தியது. ஆயினும் பதிவும் பத்திரமும் உள்ள இடத்தில்தான் சட்டம் துணை நிற்கும். இயற்றியவர் பெயர் தெரியாத பாட்டுக்கும், எழுத்தில் ஒன்றும் இல்லாத மேடைக்கும் அது எப்படி எட்டும்? சட்டம் எட்டாத இடத்தில் மனச்சான்றுக்கு வேலை இருக்கிறது.

சிவகங்கை மாவட்டத்துக் கொல்லங்குடி கருப்பாயி அம்மாளை நினைத்துப் பார்ப்போம். வானொலி அவரை அறிமுகப்படுத்தியது. 1985-இல் வந்த 'ஆண்பாவம்' அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 2025 ஜூனில் அவரும் மறைந்தார். வானொலியும் திரையும் உதவியதால் இவ்விருவரின் பெயர்களாவது நமக்குத் தெரிகின்றன. அவை தீண்டாத குரல்கள் வைகைக் கரையில் எத்தனை அடங்கிப் போயினவோ!

எல்லாக் கலைஞரையும் நம்மால் தாங்க இயலாது என்பது உண்மையே. ஆனால் அடுத்த திருவிழாவுக்கு வரவு செலவு எழுதும்போது, வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் எவ்வளவு, பாட வருபவருக்கு எவ்வளவு என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க நம்மால் இயலும். 'மற்றும் குழுவினர்' என்று முடித்துவிடாமல், ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு அழைப்பிதழில் அச்சிட இயலும். பாடிய குரல் தளர்ந்த பிறகு, ஒருமுறையேனும் அந்த வீட்டு வாசலில் போய் நிற்க இயலும்.

அப்படி நிற்கையில், கொடுக்க வந்தவர்களாக அன்று, பட்ட கடனில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வந்தவர்களாகவே நிற்போம்.