அறுபத்து மூவரில் ஒரு பிள்ளை

ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளில் மக்னீசியம் கலந்த பாறையும் உண்டு, டோலமைட் என்பார்கள். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்ட பேராக் தோட்டங்களில் மக்னீசியம் குறைந்தால் மட்டையே காட்டிக்கொடுத்துவிடும். அடிமட்டைகள் வெயில் படும் பக்கமாக ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். அதற்குக் கீசரைட் உரம் போடுவார்கள். உரம் பட்ட மரம் எது, படாத மரம் எது என்று மண்டோர் நாளடைவில் கண்ணாலேயே பிரித்துச் சொல்லிவிடுவார்.

கீசரைட் என்பது மக்னீசியம் சல்பேட். பழைய டிஸ்பென்சரிகளில் பேதிக்குக் கொடுத்த எப்சம் உப்பும் அதுவேதான். இன்று அதே உப்பு, தூய்மையாக்கப்பட்டு, குறைமாதப் பிரசவம் நெருங்கிவிட்ட தாயின் நரம்பில் ஏறுகிறது. அங்கே கருவின் மூளையைக் காக்க அது செய்யும் வேலை மட்டும் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

கருவின் மூளைக்குப் பிராணவாயு குறையும்போது நரம்பணுக்கள் சத்தில்லாமல் மட்டும் சாவதில்லை, பதறியும் சாகின்றன. திணறும் அணுக்கள் குளூட்டமேட் என்ற பொருளைக் கொட்டிவிடுகின்றன. அது பக்கத்து அணுக்களின் வாசல்களைத் திறக்கிறது; கால்சியம் வெள்ளமாக உள்ளே பாய்ந்து அணுவை உள்ளிருந்தே அழிக்கிறது. சாதாரண நாளில் அந்த வாசலில் ஒரு மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டு நிற்கும். நெருக்கடியில் அதன் பிடி தளர்கிறது. தாய்க்கு ஏற்றும் மக்னீசியம் நஞ்சுக்கொடி வழியே கருவை அடைந்து அந்தக் காவலைப் பலப்படுத்துகிறது என்பது இன்றைக்குள்ள வலுவான விளக்கம். அது ஒரு துளி பிராணவாயுவையும் கொண்டுவருவதில்லை, பதற்றத்தைத்தான் அடக்குகிறது.

இந்தப் பயன் தேடிக் கண்டதல்ல. வலிப்பைத் தடுக்கவும் பிரசவ வலியை நிறுத்தவும் மருத்துவர்கள் இந்த உப்பை ஏற்கெனவே கொடுத்து வந்தார்கள். 1995இல் கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் கேரின் நெல்சனும் ஜூடித் கிரெதரும் மிகக் குறைந்த எடையில் பிறந்த பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்தபோது, பெருமூளை வாதம் வந்த பிள்ளைகளின் தாய்மாரில் மிகச் சிலரே இந்த மருந்தைப் பெற்றிருந்தது தெரிந்தது. 2008இல் வெளியான அமெரிக்கப் பரிசோதனையில் 2,241 தாய்மார் சேர்க்கப்பட்டனர். மிதமான அல்லது கடுமையான வாதம் 3.5 விழுக்காட்டிலிருந்து 1.9 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2009இல் ஐந்து பரிசோதனைகளின் 6,145 குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு ஓர் எண்ணைத் தந்தது: ஒரு பிள்ளையை வாதத்திலிருந்து காக்க 63 தாய்மாருக்கு இம்மருந்தைக் கொடுக்க வேண்டும்.

63 என்றதும் நமக்கு நாயன்மார்கள் நினைவுக்கு வருவார்கள். கோயில் சுற்றில் வரிசையாக நிற்கும் அவர்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு, கதை உண்டு. இந்த 63 பேரிலோ பலன் பெற்ற பிள்ளை யார் என்று தாய்க்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. பிள்ளை நடக்கும், ஓடும், பள்ளிக்குப் போகும். அது மருந்தால் நடந்ததா, மருந்து இல்லாமலே நடந்திருக்குமா என்று எவராலும் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் அந்த மருந்தைக் கொடுப்பது லேசான வேலையல்ல. வழக்கமான முறையில் முதலில் நான்கு கிராமை மெதுவாக ஏற்றி, பிறகு மணிக்கு ஒரு கிராம் கொடுப்பார்கள். அளவு மீறினால் தாயின் மூச்சே அடங்கிவிடும். அதனால் முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள், மூச்சை எண்ணுவார்கள், சிறுநீரை அளப்பார்கள், மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பார்கள். 63 பேருக்கும் இதே கவனம்.

மருந்து பிரசவத்துக்கு முன்பே ஏற வேண்டும் என்பதால் இந்தக் கவனம் ஆஸ்பத்திரிக்கு வெளியிலேயே தொடங்குகிறது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் பெண் ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு நேரத்தோடு வந்து சேர வேண்டும். அரசுக் கிளினிக் மிஸி கர்ப்பிணியின் இளஞ்சிவப்புப் புத்தகத்தில் ஆபத்துக்கு ஏற்ற நிறத்தை ஒட்டுகிறார். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் அந்த மிஸிக்கும் தாங்கள் யாரைக் காத்தோம் என்பது ஒருநாளும் தெரியப்போவதில்லை.

தோட்டம் நம்மை வேறு கணக்குக்குப் பழக்கியது. விடியலில் பெரட்டு, பிறகு மரம் சீவல், பால் நிறுவை, கிராணியின் செக்ரோல். நிறுத்ததற்குத்தான் கூலி. வயிற்றுப் பிள்ளையோடு மரம் சீவிய பெண்ணின் பாலுக்குத்தான் எடை இருந்தது. அவள் சுமந்ததற்குக் கிராணியின் செக்ரோல் புத்தகத்தில் பத்தி இல்லை. அந்தக் கணக்கு இன்னும் நம்மிடம் மிச்சமிருக்கிறது. செய்த உதவியால் யார் எழுந்து நின்றார், நம் பெயரைச் சொன்னாரா என்று பார்க்கிறோம். தெரியாவிட்டால் வீண் என்று கைவிடுகிறோம்.

வராமல் போன துன்பத்துக்குச் சாட்சி கிடையாது. ஆகவே அதைத் தடுத்தவருக்கு நன்றியும் கிடையாது. பலன் பெறும் ஒருவர் யாரென்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் மற்ற 62 பேரை விட்டுவிடத் தோன்றும். தெரியாததால்தான் அத்தனை பேரையும் அந்த ஒருவராகவே நடத்த வேண்டியிருக்கிறது. எல்லாரையும் சமமாகக் காக்கும் அறம் இந்த அறியாமையிலிருந்தே பிறக்கிறது.