மூக்கு கிடைத்தது, கை?

இன்று மருத்துவரான புனித லூக்காவின் திருநாள். கெத்சமனியில் தலைமைக் குருவின் பணியாளருடைய காது வெட்டப்பட்டதை நற்செய்தியாளர் நால்வருமே சொல்கிறார்கள். இயேசு அதைத் தொட்டுக் குணமாக்கியதை எழுதியவர் லூக்கா மட்டுமே. தம்மைப் பிடிக்க வந்த கூட்டத்தில் நின்றவனுக்குத்தான் ஆண்டவர் அந்த இரவில் மருத்துவம் பார்த்தார்.

அந்தக் காதைப் போலவே போரில் வெட்டப்பட்ட ஒரு மூக்கின் கதையும் உண்டு. நம் மைசூருவுக்குப் பக்கத்திலேயே, ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றிப் போர் நடந்த காலம். 1792. கவாஸ்ஜி என்ற மராத்தியர் ஆங்கிலேயப் படைக்கு மாடோட்டினார். துப்பாக்கி பிடித்தவர் அல்லர், பாரம் இழுத்தவர். மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் ஆட்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டுக்கு மேல் அந்த முகத்தோடு வாழ்ந்தார். பிறகு புனேவுக்கு அருகே, செங்கல் அறுக்கும் குலத்தில் பிறந்த ஒருவர் அவருக்கு மூக்கு வைத்தார்.

மெழுகில் மூக்கு செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து அளவெடுத்தார். அந்த அளவுக்குத் தோலை அறுத்து, இரத்தம் ஓடுவதற்காகப் புருவ நடுவில் மட்டும் ஒட்டவிட்டு, கீழே திருப்பிப் பொருத்தினார். காசுக்கட்டியைக் குழைத்துத் துணியில் தடவி மேலே ஒட்டினார். நான்கு நாள் கழித்து நெய்த் துணி. தோல் பிடித்துக்கொண்ட பிறகே, சுமார் 25ஆம் நாளில், புருவ நடுவின் இணைப்பை அறுத்தார். எவ்வளவு பொறுமை! 1794-இல் லண்டன் இதழொன்று இதைப் படத்தோடு வெளியிட்டது. 1814-இல் கார்ப்யூ என்ற மருத்துவர் அங்கே அதே முறையைச் செய்துகாட்டினார். மூக்கு வைத்தவரின் பெயரை மட்டும் அந்த இதழ் எழுதவில்லை.

மருத்துவ நூல்கள் அந்த மூக்கைக் கொண்டாடுகின்றன. என் மனமோ கவாஸ்ஜியின் கையிலேயே நிற்கிறது. ஒற்றைக் கையால் எப்படி நுகத்தடி பூட்டியிருப்பார்? கிழக்கிந்தியக் கம்பெனி ஓய்வூதியம் கொடுத்தது, அது நியாயமே. கைக்கு மாற்று வைக்க ஆளில்லை. அதே புனேயில் படைவீரர்களுக்கான செயற்கை உறுப்பு மையம் 1944-இல்தான் வந்தது. முதுகுத்தண்டு முறிந்த வீரர்களுக்கு அருகிலுள்ள கிர்க்கியில் மறுவாழ்வு மையம் 1974-இல் வந்தது. போர் முடிந்ததும் தளபதிகளின் பெயர் பாடப்புத்தகத்துக்குப் போகிறது. ஊனமுற்றவர் வீட்டுக்குப் போகிறார், அவரோடு அவர் மனைவியின் உழைப்பும் இரட்டிப்பாகிறது.

டிசம்பர் 7 படைவீரர் கொடி நாள். உண்டியலில் காசு போடுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் தெருவில் காயம்பட்டுத் திரும்பிய முன்னாள் வீரர் இருந்தால், இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர் யார் தயவும் இல்லாமல் திருப்பலிக்கு வர, நம் கோவில் வாசலில் சாய்தளம் கட்டவேண்டும். கைகொடுக்க முன்வருபவர்கள் திருப்பலி முடிந்ததும் என்னைப் பாருங்கள்.